வன்னி மரத்தைச் சுற்றி வைத்த கற்கள்

அக்டோபர் 19, ஞாயிறு

வெயில் குறைந்திருக்கிறது. காற்றில் தூசி. லீவு நாள்.

வளைகுடாவுக்கு வந்து நான் வாங்கிய முதல் நோட்டு இது, ரோலா கடைத்தெருவில். அட்டையில் கப்பல் படம். கடைக்காரர் எடுத்துத் தந்ததை வேண்டாம் என்று சொல்லி நானே எடுத்தேன். முதல் பக்கத்தில் என் பெயரை நானே எழுதினேன்: சூசை. சின்னப் பெயராக வைத்த அப்பாவுக்கு நன்றி.

ரோலா தெருவில் தமிழ்க் கடைகளின் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். 'சாப்பாடு தயார்'. 'செருப்பை வெளியே விடவும்'. மாடிப்படிக்குப் பக்கத்துப் பலகை இடியாப்பத்துக்கு. இத்தனை வருடம் அதை டாக்டர் பலகை என்று நினைத்திருந்தேன்.

ராசன் சிரித்தான். ராசன் என் ரூம்காரன், மன்னார் பக்கம், கம்பெனி பஸ் டிரைவர். எனக்கு எழுத்து சொல்லித் தந்தவன். மகன் வயதுதான், ஆனாலும் வாத்தியார்.

"ஐயா, றோட்டைப் பாத்து நடவுங்கோ. போர்டைப் பாத்துக்கொண்டு போய் காருக்குள்ள விழப்போறியள்."

தினமும் எழுதச் சொல்கிறான். "ஒருத்தரும் பாக்க மாட்டினம். பிழை வந்தால் வரட்டும்."

அக்டோபர் 20, திங்கள்

காலையில் பனி மூட்டம். பஸ் மெதுவாக. நாங்கள் தங்கும் சோனாப்பூர் கேம்பிலிருந்து தோட்ட வேலை செய்யும் யுனிவர்சிட்டி வரும் வரை எல்லோரும் தூக்கம். நான் மட்டும் ஜன்னலில். எல்லாப் பலகையும் அரபி, இங்கிலீஷ். படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்றைய வேலை:
சொட்டு நீர்க் குழாய் அடைப்பு எடுத்தது.
காகிதப்பூச் செடி வெட்டியது. முள் குத்தியது, வலது கை. எழுதும் கை.

புது ஆர்டர் ஒன்று. சொன்னவர் நூ. பாய். (நூ. பாய் = நூர்தீன் பாய். எங்கள் சூப்பர்வைசர். கீழக்கரைக்காரர். முழுப் பெயரும் எழுதினால் கை வலிக்கும்.)

"அடுத்த வாரம் ஒரு நடை இருக்கு. டாக்டர் மோஸா மேடம் புள்ளைகளைக் கூட்டிட்டுப் போறாங்க. இந்த யுனிவர்சிட்டி வர்றதுக்கு முன்னாடி இங்கன யாரு இருந்தான்னு நடந்து காட்டுவாங்களாம்."

"யாரு பாய் இருந்தா?"

"இந்த மண்ணுக்காரங்க. ஆடு, ஒட்டகம் வச்சிருந்த சனங்க. பின்ன நீங்களும் நானுமா இருந்தோம்?"

எல்லோரும் சிரிப்பு. டாக்டர் மோஸா இங்கே பாடம் நடத்துகிறவர். மாத்திரை எழுதுகிற டாக்டர் இல்லையாம்.

நடை முடிகிற இடம் பின்பக்கத்து வன்னி மரம். இங்கே காஃப் என்கிறார்கள். வேலிக்குள்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் தோட்டக் கணக்கில் இல்லை. நாங்கள் அங்கே போனதே கிடையாது. இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மேடம் மெசேஜ். நூ. பாய் தன் பங்குக்கு ஒரு யோசனை: கேட் பக்கத்துப் பேரீச்சைக்குச் செய்த மாதிரி மரத்தைச் சுற்றிக் கல் வைத்து வெள்ளை அடிப்பது.

அக்டோபர் 21, செவ்வாய்

காற்று இல்லை. சட்டை நனைந்து காய்ந்து மறுபடி நனைந்தது.

வன்னி மரத்தடி. எடுத்தவை: தண்ணீர் பாட்டில்கள், பிளாஸ்டிக் பை, காய்ந்த கிளை, ஒரு செருப்பு.

கல்லுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் வெறும் மண்ணில் நல்ல கல் கிடந்தது. நீளவாட்டுக் கல். யாரோ பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தது போல எல்லாம் ஒரே சாயல். சிலது மண்ணோடு மண்ணாக. சிலது நட்டமாக நின்றது, கடப்பாரை போட்டு எடுத்தோம். சின்னக் கல்லும் உண்டு.

வட்டம் வைத்தது நான். கட்டுமரக்காரன் கண், பிசகாது. பெரிய கல் முதலில், இடைவெளிக்குச் சின்னது. பிறகு கல் எடுத்த பள்ளங்களை மூடி, மண்ணைப் பல் வாரி போட்டு இழுத்துச் சமமாக்கினோம். ஆள் நடந்த தடம்கூட இல்லை.

நூ. பாய் தள்ளி நின்று பார்த்தார். "சூசை அண்ணே, மோதிரம் மாதிரி இருக்குண்ணே."

ராத்திரி இதை எழுதும்போதும் சந்தோஷம்.

அக்டோபர் 22, புதன்

வெள்ளை அடித்தோம். இரண்டு கோட்.

ஊரிலும் இது வெள்ளை அடிக்கிற சமயம். கல்லறைத் திருநாள் வருகிறது. மகன் ஜெபின் அவன் அம்மாவின் கல்லறைக்கு அடித்துவிட்டானா, கேட்க வேண்டும். நான் இங்கே வெறும் கல்லுக்கு அடித்துக்கொண்டு இருக்கிறேன்.

வெயில் பட்டதும் கண் கூசியது. அழகு.

அக்டோபர் 25, சனி

துணி துவைத்தது. மீன் குழம்பு, ராசன் கைப் பக்குவம், தேங்காய்ப்பால் கூடுதல்.

போனில் பழைய படங்கள் பார்த்தேன். ரோசம்மாவின் கல்லறைப் படம். அவள் இறந்துபோனபோது நான் வேறு நாட்டில், யான்புவில், ரிஃபைனரி வேலை. பாஸ்போர்ட் கபீல் (விசா தந்த முதலாளி) கையில், கபீல் வெளிநாட்டில். ஆபீசில் "கலாஸ், அவ்வளவுதான், அடுத்த மாசம் போ" என்றார்கள். அடுத்த மாதம் போய் என்ன செய்ய? மகன் படம் அனுப்பினான். போன் மாறும்போதெல்லாம் அதையும் மாற்றிக்கொண்டே வந்தேன். கல்லில் எழுத்து இருப்பது தெரியும். ரோசம்மாள் என்று இருக்கும், வேறு என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

இன்று விரலால் பெரிதாக்கிப் படித்தேன்.

ரோசம்மாள். அதற்குக் கீழே: சூசையின் மனைவி.

என் பெயரும் அங்கே இருந்திருக்கிறது. இத்தனை வருடமாக. யாரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ராசனிடம் காட்டினேன். தேத்தண்ணீர் போட்டுத் தந்தான். சீனி போட மறந்துவிட்டான்.

அக்டோபர் 28, செவ்வாய்

நடை நாள். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் நல்ல காற்று. எனக்கு வேலை: தண்ணீர்ப் பெட்டியும் மடக்கு நாற்காலியும் தூக்கிக்கொண்டு கூடவே போவது. பையன்கள் வெள்ளை அங்கி, பெண்கள் கறுப்பு அங்கி. முன்னால் டாக்டர் மோஸா. பேட்டரி வண்டியில் ஒரு வயதான அம்மா, உம் சயீத். சயீதின் தாய் என்று அர்த்தம், சொந்தப் பெயர் யாரும் சொல்லவில்லை. (இனி உ.ச.) மூக்குக்கு மேல் பித்தளை மினுக்கத்தில் பழைய முகத்திரை. கையில் தடி. இங்கேதான் பிறந்து, வாழ்க்கைப்பட்டு, ஆடு மேய்த்தவர். அரசாங்கம் வீடு தந்தபோது டவுனுக்குப் போனவர். வேலி போட்ட பிறகு உள்ளே வந்ததே இல்லையாம்.

இந்த ஊர் வயதானவர்களுக்கு நம்மிடம் பேசுகிற அளவு இந்தி வரும். எனக்கும் அதே அளவுதான். என்னிடம் கேட்டார், எந்த ஊர்.

மத்ராஸ் என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும், கன்னியாகுமரி என்றால் புரியாது.

கடலா என்றார். கடல்தான், மீன் பிடித்தவன் என்றேன்.

"உன் மேல் மீன் நாத்தம், என் மேல் ஆட்டு நாத்தம். நம் இருவரையும் இந்த யுனிவர்சிட்டியில் எப்படி விட்டார்கள்?" என்று சொல்லிச் சிரித்தார். முகத்திரை ஆடியது. எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முதல் இடம், கார் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் கிணறு. மேலே சிமெண்ட் மூடி. இரண்டாவது, லைப்ரரிப் பக்கம். அங்கே ஓலை வீடுகள் வரிசையாக இருந்ததாம். பையன் ஒருவன், ஏசி இல்லாமல் எப்படி என்று கேட்டான். "உனக்கு ஏசி ரிப்பேர் ஆனால் ஆள் வர வேண்டும். எங்கள் காற்று ரிப்பேர் ஆனதே இல்லை" என்றாராம் உ.ச. நூ. பாய்க்கு அரபி நன்றாகத் தெரியும், மெதுவாக எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிறகு வன்னி மரம்.

வண்டியை நிறுத்தச் சொல்லி உ.ச. இறங்கினார். பிள்ளைகள் வெள்ளை வட்டத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். எனக்குப் பெருமை. அவர் வட்டத்தைப் பார்க்கவே இல்லை. மரத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்து மண்ணுக்குப் போனார். நின்றார். திரும்பினார். இன்னும் கொஞ்சம் போனார். மறுபடி நின்றார்.

நாற்காலியோடு பக்கத்தில் இருந்தவன் நான். என்னிடம் கேட்டார்: "பத்தர் கிதர்?" கல் எங்கே.

நான் வட்டத்தைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே காட்டினேன்.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதுவும் புரியாதவர் போல. நான் நாற்காலியை விரித்தேன். அவர் மண்ணில் உட்கார்ந்தார்.

டாக்டர் மோஸா ஓடி வந்தார். இருவரும் அரபியில். பிள்ளைகள் போனைக் கீழே இறக்கினார்கள். நூ. பாய் உதடு மட்டும் அசைந்தது, துவா ஓதுகிற மாதிரி. என்ன பாய் என்றேன். ஓதி முடித்தார். பிறகு சொன்னார்.

"கபர்ண்ணே. அது கபர்ஸ்தான், அவங்க அடக்கம் பண்ற இடம். இவங்க பழைய ஆளுங்க பேரு எழுத மாட்டாங்களாம். ஆம்பளைக்கு ரெண்டு கல்லு. பொம்பளைக்கு மூணு, தலைமாட்டுல, நடுவுல, கால்மாட்டுல. அவங்க மக கபரும் இங்கன இருந்திருக்கு. பல்லு முளைக்கிறதுக்கு முன்னாடி காய்ச்சல்ல போனது. சின்னதா மூணு கல்லு. கிணத்தைப் பத்திச் சொல்ல நான் வரல, கல்லைப் பாக்க வந்தேன்னு சொல்றாங்க."

டாக்டர் மோஸா நூ. பாயிடம் கேட்டார், கல்லை யார் எடுத்தது.

நூ. பாய் சொன்னார்: "மாஃபி மாலூம்." தெரியாது. கட்டடம் கட்டும்போது மெஷின் வந்து வாரியிருக்கும். இந்த வெள்ளைக் கல் லாரியில் வந்தது என்றார்.

என் பக்கம் திரும்பவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

தண்ணீர் விட்டது. வேறு ஒன்றும் ஞாபகம் இல்லை.

நூ. பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கண் சிவப்பு.

"தெரிஞ்சிருந்தா தொடுவேனாண்ணே? எங்க ஊர்ல கபர்னா மேடு கட்டியிருக்கும், தலைமாட்டுல மீசான் கல்லு நிக்கும். இது பொட்டல் தரை."

"எங்க ஊர்ல குருசு நிக்கும் பாய்."

"அதான். உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. இப்போ சொன்னா நம்ம ஆளுக அத்தனை பேருக்கும் விசா கேன்சல். கேஸாயிரும்ண்ணே. வாயைத் திறக்காதீங்க. உங்க காலைப் பிடிக்கிறேன்."

உண்மையாகவே குனிந்தார். நான் பிடித்துத் தூக்கினேன். தொழுகை தவறாத மனுசன்.

அக்டோபர் 30, வியாழன்

டாக்டர் மோஸா மரத்தடிக்கு வந்து நூ. பாயிடம் பேசிவிட்டுப் போனார். நூ. பாய் சொன்னது: உ.ச. அன்றிலிருந்து சாப்பிடவில்லை. ஒரே கேள்வி. மெஷின் வாரிய மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்கள்? மகளைத் தேடி அந்த இடத்துக்குப் போக வேண்டும். மகன்கள் பழைய காண்ட்ராக்டர்களை எல்லாம் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளை இங்கேயேதான் இருக்கிறது. யாரும் தோண்டவில்லை. கல்லை மட்டும் எடுத்தோம். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நூ. பாய்க்குத் தெரியும்.

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன ஐயா, எழுதேல்லையோ?"

ராசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் உனக்கும் கஷ்டம், நீயும் இந்தக் கம்பெனிதான் என்றேன். அவன் போர்வையை மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தான்.

"எங்கட அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறா. சண்டையில காணாமல் போன அண்ணாவை எங்க போட்டவை எண்டு. சொல்லக்கூடிய ஆள் எங்கயோ ஒருத்தன் இருப்பான்தானே. அவனும் எங்கயாவது வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பான்."

விளக்கை அணைக்கப் போனவன் நின்று சொன்னான்: "சொல்லிப்போடுங்கோ ஐயா."

அவனுக்கு ஒரு அண்ணன் இருந்தது எனக்கு இன்றுதான் தெரியும்.

அக்டோபர் 31, வெள்ளி

வானம் தெளிவு. எழுத்து கோணல்.

காலையில் உ.ச. டிரைவரோடு வந்தார். கேட்டில் தடுக்காமல் உள்ளே விட்டுவிட்டார்கள். மரத்தடியில் உட்கார்ந்தார். தண்ணீர் ஓஸைப் போட்டுவிட்டு நான் போனேன். என்னிடம் இருக்கிற இந்தி கொஞ்சம்தான்.

"அம்மா. மெஷின் நஹி. ஹாத். மேரா ஹாத்."

மெஷின் இல்லை. கை. என் கை.

இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். வெள்ளை பெயின்ட் நகக்கண்ணில் இன்னும் போகவில்லை. அவர் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தடியை எடுத்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

தடியால் மண்ணைக் காட்டினார். கீழே தோண்டினாயா?

இல்லை. கல் மட்டும். என் பிள்ளை மேல் சத்தியம்.

மெஷின் வரவே இல்லையா?

வரவே இல்லை.

அல்ஹம்துலில்லா என்றார். பிறகு அழுதார். சத்தம் இல்லாமல், முகத்திரைக்கு உள்ளே. அடியில் நனைந்து நிறம் மாறியது.

அழுது முடித்துக் கேட்டார். எது அவளுடைய கல்? எந்த இடம்?

வட்டத்தைப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை. எல்லாம் ஒரே மாதிரி. இடைவெளிக்கு வைத்த சின்னக் கல் ஒவ்வொன்றாகத் தொட்டேன். மண்ணைப் பார்த்தேன். நான் வாரி போட்டு இழுத்த மண். எவ்வளவு நன்றாக இழுத்திருக்கிறேன்.

தெரியாது அம்மா.

அவரும் எழுந்து தேடினார். மரத்திலிருந்து நடந்து பார்த்தார், தவறு என்று திரும்பினார், வேறு பக்கம் நடந்தார். பெண்கள் கபர்ஸ்தானுக்குப் போகக் கூடாது என்று வீட்டில் சொல்வார்களாம். ஆடு மேய்க்கிற சாக்கில் வருவாராம். தூரத்தில் நின்று மூன்று கல்லைப் பார்ப்பாராம், போய்விடுவாராம். கல்லைத்தான் பார்த்தேன், இடத்தை நான் பார்த்து வைக்கவில்லையே என்றார். தன்னிடமே சொன்னார்.

அதற்குள் நூ. பாய் வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தார், அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு உ.ச. முன்னால் போய் அரபியில் ஏதோ சொன்னார். நெஞ்சில் கை வைத்து. 'நான்' என்கிற வார்த்தை அரபியில் எனக்குத் தெரியும், அதைப் பல தடவை சொன்னார். ஆர்டர் போட்டது நான் என்கிறார்.

உ.ச. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு என் ஓஸைக் காட்டினார். கபரில் தண்ணீர் தெளிப்பது அவர்கள் வழக்கம். நூ. பாய் ஊரிலும் உண்டாம்.

எங்கே விட என்றேன்.

எல்லா இடத்திலும் விடு. எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

வெறும் மண்ணுக்குத் தண்ணீர் விட எங்களுக்கு அனுமதி இல்லை. புல்லுக்கும் செடிக்கும் மட்டும். நூ. பாய் தானே ஓடிப்போய்ப் பெரிய வால்வைத் திறந்தார். செருப்பைக் கழற்றினோம், மூன்று பேரும். ஓஸின் வாயை உ.ச. ஒரு பக்கம் பிடித்தார், நான் ஒரு பக்கம். வேகமாக வந்த தண்ணீரை விரல் வைத்துத் தணித்தார். மெதுவாக, மெதுவாக என்றார். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி.

ஷம்மா. பிள்ளை பெயர். போகும்போது சொன்னார். இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்: ஷம்மா.

நவம்பர் 1, சனி

நூ. பாயை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். முடிவு தெரியவில்லை. என்னையும் கூப்பிடுவார்கள். டாக்டர் மோஸா வந்து, சுத்தம் பண்ணச் சொல்லி மெசேஜ் போட்டது நான்தானே, போய்ப் பார்த்திருக்க வேண்டும் என்றாராம்.

வெள்ளைக் கல் வட்டமாகவே இருக்கிறது. எடுத்து எங்கே நடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

மண் காய்ந்துவிட்டது. சட்டை பட்டன் ஒன்று போயிற்று, தைக்க வேண்டும்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். இங்கே காலையில் பூசை. கூட்டம், வாசலில் நின்று கேட்டேன்.

சாயங்காலம் ஜெபின் வீடியோவில் கூப்பிட்டான். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரி. பின்னால் கடல் சத்தம். ரோசம்மாவுக்கு வெள்ளை அடித்து, செவ்வந்தி மாலை போட்டிருக்கிறான். பெயரைக் கிட்டே காட்டச் சொல்லிப் படித்தேன். சத்தமாக. என் பெயர் வரை.

"அப்பா வாசிக்கீகளா!" என்று கேட்டான். சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை.

அவன் போனைத் திருப்பும்போது ஓரத்தில் இருட்டாக ஒரு இடம் தெரிந்தது.

"அது என்ன மக்களே, அந்த மதில் பக்கம்?"

"அது பழைய குழிகள் அப்பா. கல்லும் இல்ல, குருசும் இல்ல. ஆளுவளும் வரமாட்டாவ."

"அங்கயும் திரி வை."

"யாருக்கன்னே தெரியாதே அப்பா."

"தெரியாண்டாம். எல்லாத்துலயும் வை."

"இனி நாலஞ்சு திரிதான் இருக்கு. பத்தாது."

"ஒடிச்சு ஒடிச்சு வை மக்களே."

போனைக் கல்லறை மேல் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். மதில் பக்கத்திலிருந்து திரி ஒடிக்கிற சத்தம் கேட்டது.